ஆங்கிலப் பள்ளியும் பாதியில் நின்ற மூவரும்

பழம்பெரும் பள்ளிகள் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடும்பொழுது மலர் ஒன்று வெளியிடுவது வழக்கம். அம்மலரின் நடுப்பக்கங்களில் பழைய மாணாக்கர் பட்டியல் தவறாது இடம்பெறும். நீதிபதியானவர், பொறியாளரானவர், மருத்துவரானவர், வெளிநாடு சென்று பெரும்பொருள் ஈட்டியவர் என வரிசையாகப் பெயர்கள் நிற்கும். இத்தகைய பட்டியலை நானும் இருமுறை தொகுத்திருக்கிறேன். தொகுப்போர் எழுதா விதியாகக் கொள்வது ஒன்று உண்டு. பள்ளியிறுதித் தேர்வில் தேறி வெளியேறியவரே பழைய மாணாக்கர். இடையில் நின்றவர் கணக்கில் வாரார்.

இவ்விதியை அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, விருதுநகர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட எங்கள் கரிசற் சீமைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான விளைவொன்று நேர்கிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இம்மண்ணில் தோன்றி நாடறிந்தவர் யார் என்று ஒரு சிறுவனைக் கேட்டாலும், இரமண மகரிஷி, காமராசர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் என்று மூன்று பெயர்களைச் சொல்வான். மூவரும் ஆங்கிலம் கற்பித்த பள்ளிகளில் சேர்ந்தவர்கள். மூவரில் ஒருவரும் பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். விதிப்படி பட்டியலிட்டால் மூன்று பெயரும் விடுபட்டுப் போகும். அவர்கள் சேர்ந்த பள்ளிகள் இப்பக்கத்தில் எவ்வாறு தோன்றின, அவற்றுள் அவர்கள் எவ்வாறு புகுந்தனர், ஏன் நின்றனர் என்பனவற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வைகைக்குத் தெற்கே, குண்டாறு பாயும் நாடு இது. பாயும் என்பது மரபு பற்றிச் சொன்னதே. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலைத்தான் காணலாம். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும். இதனை வானம் பார்த்த பூமி என்று கூறுவதில் மிகை ஒன்றும் இல்லை. நெடுங்காலம் இதில் பெரும்பகுதி இராமநாதபுரம் சேதுபதிகளின் சமீனில் அடங்கியிருந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைத்தனர். 1985-இல் அதிலிருந்து விருதுநகர் மாவட்டம் பிரிந்தது.

மழை பொய்க்கும் நாட்டில் மக்கள் நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாது. அருப்புக்கோட்டையில் தறி இருந்தது. மாட்டு வண்டியில் சரக்கேற்றி ஊர் ஊராகச் செல்லும் வணிகமும் இருந்தது. ஆங்கில ஆட்சி நிலைத்த பின்பு மூன்றாவதாக ஒரு பிழைப்பு தோன்றிற்று. அதுதான் எழுத்து. தாலுகாக் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் மனு எழுதுவோர், கணக்கர், குமாஸ்தா, வக்கீல் ஆகியோருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருவாய் உண்டு. (மழை பெய்யாவிட்டால் வழக்கு மிகுதியாகும் என்று முதியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) அந்தப் பிழைப்பிற்கு வாயில் ஆங்கிலம்.

1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பையும், 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையையும், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதையும் நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஊர்ப்புறத்தைப் பொறுத்தவரை இவற்றுள் முதன்மையானது வுட் அறிக்கை சொன்ன உதவித்தொகை முறைதான். தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு பொருள் தந்து உதவும். பள்ளி ஆய்வாளரின் மேற்பார்வைக்கு அது உட்பட வேண்டும். 1882-இல் அமர்ந்த ஹண்டர் குழு, உயர்நிலைக் கல்வியைத் தனியார் முயற்சிக்கே பெரிதும் விட்டுவிடலாம் என்றது. இதன் விளைவு, எங்கள் பக்கத்தில் பள்ளி வேண்டுமென்றால் மிஷனரிகள் கட்ட வேண்டும், அல்லது ஊரார் கட்ட வேண்டும் என்பதாயிற்று. இரு வகையும் நிகழ்ந்தன.

மிஷனரிகள் முதலில் வந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கியது. அது கடல்வழி நேரே மதுரைக்கு வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய பின் அங்கிருந்து கிளைத்து வந்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய கல்விச்சாலையின் முன்மாதிரி மதுரைப் பக்கமும் பரவிற்று. 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய பள்ளி 1845-இல் பசுமலைக்கு மாறியது. 1881-இல் அங்குக் கல்லூரி வகுப்பு ஏற்பட்டு, 1904-இல் மதுரை நகருக்குப் பெயர்ந்து, அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. கிராமப்புறத்தில் திருமங்கலம், மண்டபசாலை முதலிய இடங்களில் மிஷனின் தளங்கள் இருந்தன. மண்டபசாலை திருச்சுழிக்கு அண்மையிலுள்ள சிற்றூர். இன்று அவ்வழியே பேருந்தில் செல்வோர், ஒரு நூற்றாண்டுக்கு முன் அங்கிருந்து அமெரிக்க நாட்டிற்கு அறிக்கைகள் சென்றன என்று நினைக்கவும் மாட்டார்கள்.

இனித் திருச்சுழிக்கு வருவோம். குண்டாற்றின் கரையிலுள்ள இவ்வூர் திருமேனிநாதர் கோயில் சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்றது. ஆங்கில ஆட்சியில் அங்கு நீதிமன்றம் ஒன்று இருந்தது. அதில் வழக்காடியவர் சுந்தரமையர். இவருடைய வரலாறு சுவையானது. பன்னிரண்டாம் வயதில், மாதம் இரண்டு ரூபாய் ஊதியத்தில், ஒரு கணக்கரிடம் எடுபிடி எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் மனு எழுதினார். பின்னர் ஆங்காங்கே கண்டும் கேட்டும் கற்ற சட்ட அறிவைக் கொண்டு, சான்று பெறாத வக்கீலாக வழக்காட இசைவு பெற்றார். தேர்வு ஒன்றும் எழுதாமல் இவ்வளவு உயர்ந்தவர். ஆயினும் தம் மக்களுக்கு அவ்வழி திறந்திராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். காலம் மாறிவிட்டது; இனிச் சான்றிதழ் வேண்டும்; சான்றிதழுக்கு ஆங்கிலம் வேண்டும்.

அவருடைய இரண்டாம் மகன் வேங்கடராமன் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஆருத்ரா தரிசன இரவில் பிறந்தான். திருச்சுழித் தொடக்கப் பள்ளியிலும், பின்பு திண்டுக்கல்லிலும் பயின்றான். 1892-இல் தந்தை காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாயார் சிறு பிள்ளைகளுடன் ஒருபுறம், மூத்தவர் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில். மதுரையில் வேங்கடராமன் முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நினைவாற்றல் அவனுக்கு உண்டு. அந்த வல்லமையே உழைப்புக்குப் பகையாயிற்று. பந்தாட்டத்திலும் மற்போரிலும் நாட்டம் மிகுதி. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தகைய மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான். ஆசிரியரின் கோபத்திற்கும் அன்பிற்கும் ஒருங்கே உரியவன் அவன்.

1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவனுக்கு மரண அனுபவம் ஒன்று வாய்த்ததும், அதன்பின் பாடத்தில் மனம் செல்லாமற் போனதும் பலரும் அறிந்த செய்தி. அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. பள்ளி வரலாற்றுக்கு உரியது அடுத்து நிகழ்ந்ததுதான். ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தை ஒப்பிக்காத குற்றத்திற்காக, அதனை மூன்றுமுறை எழுதி வரும்படி தண்டனை. நூல், அலெக்சாண்டர் பெயின் என்பார் இயற்றிய இலக்கணம். ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் நகரத்துப் பேராசிரியர் எழுதிய நூலைத் திருச்சுழிச் சிறுவன் மதுரை மாடியொன்றில் அமர்ந்து படியெடுக்கிறான். இருமுறை எழுதிவிட்டான். மூன்றாம் முறை எழுதத் தொடங்கியவன் தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். தமையன் நாகசாமி கண்டு, இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று கடிந்து கூறினார். அச்சொல் தைத்தது. பள்ளியில் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் பற்றிய தனி வகுப்பு இருப்பதாகச் சொல்லி வேங்கடராமன் எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் தமையன்.

அந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். இரண்டைக் கடிதத்தோடு வைத்தான். கடிதம் தமிழில். 'நான்' என்று தொடங்கி, இடையில் தன்னை 'இது' என்று சுட்டி, ஒப்பமிட வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளோடு முடிகிறது. கீழே, கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் உள்ளது என்று ஒரு குறிப்பு. உலகத்தையே துறந்து செல்பவன் சம்பளக் கணக்கைச் சரிசெய்துவிட்டுச் செல்கிறான்! மாணவர்கள் கட்டாமல் விட்ட சம்பளத்திற்காக எழுதிய எத்தனையோ கடிதங்களைப் பார்த்த எனக்கு இக்குறிப்பு எப்பொழுதும் நெஞ்சை நெகிழ்விக்கும்.

பள்ளிக்கூடம் அவனுக்கு மற்றொரு வகையிலும் துணைசெய்தது. அத்துணை சற்றுப் பிழையானது. பழைய நிலப்படம் ஒன்றை விரித்துத் திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று கண்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது. படம் பழையதாகையால் அதில் அது இல்லை. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கினான். உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்க வேண்டுமென அறிந்தான். எஞ்சிய சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரையே செல்ல முடிந்தது, பின் நடந்தான், காதுக் கடுக்கனை அடகு வைத்தான், செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தான். காலத்திற்கேற்பத் திருத்தாத நிலப்படத்தைப் பள்ளியில் தொங்கவிடும் தலைமையாசிரியர்கள் இதைக் கருத வேண்டும்.

அவர் அங்கு மௌனமாக இருந்த காலத்தில் ஊர், பேர் ஒன்றும் எவருக்கும் தெரியாது. தாலுகாக் கச்சேரி அலுவலர் ஒருவர், பெயர் சொன்னாலன்றி எழுந்து செல்லேன் என்று பிடிவாதமாய் அமர்ந்துவிட்டார். இளந்துறவி எழுதுகோலை வாங்கித் தம் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுதினார். கோவணம் உடுத்த இந்தச் சாமியாருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஆனால் திருச்சுழி என்பதிலுள்ள 'ழி' ஆங்கில எழுத்தில் அலுவலருக்கு விளங்கவில்லை. உடனே அருகிலிருந்த பெரியபுராண நூலை எடுத்து அவ்வெழுத்தைத் தொட்டுக் காட்டினார். மிஷன் பள்ளி தந்த எழுத்து அவரை அடையாளம் காட்டியது. அது போதாத இடத்தில் தமிழ் எழுத்து நிறைவு செய்தது.

மிஷன் பள்ளியை விட்டு ஊரார் கட்டிய பள்ளிக்கு இப்போது வருவோம். இதன் வரலாறு எனக்கு இன்னும் நெருக்கமானது.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வழியில் இருந்த விருதுபட்டி, அதுவே 1923-இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது, பருத்திக்கும் மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் பெருஞ்சந்தையாயிற்று. அவ்வணிகத்தில் முன்னின்றவர்கள் நாடார் குலத்தார். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் செறிந்து வாழ்ந்தனர். பாலையம்பட்டி இன்று ஏறத்தாழ அருப்புக்கோட்டையோடு ஒட்டிய ஊர். ஒவ்வோரூரிலும் உறவின்முறை என்னும் அமைப்பு. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. அந்த மகமைப் பணத்திலிருந்து பேட்டையும் கிணறும் சத்திரமும் கோயிலும் எழுந்தன.

பொருள் இருந்தும் மதிப்பு இல்லை. இதுவே அவர்களுடைய அந்நாளைய குறை. பல கோயில்களின் வாயிலைக் கடக்க அவர்களுக்கு இசைவு இல்லை. 1897-இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததன்மேல் வழக்கு எழுந்து, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராக முடிந்தது. 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. இருதரப்பிலும் துன்புற்றோர் ஏழைகளே. அப்பழம்பகைக்குள் நான் புக விரும்பவில்லை. ஆனால் இந்தச் சூழலை விட்டுவிட்டு விருதுபட்டிப் பள்ளியின் பெருமையை எடைபோட முடியாது. வழக்காடவும் மனு எழுதவும் பிறரை நாடி நிற்கும் நிலை நீங்க வேண்டுமானால், தம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று வணிகர்கள் துணிந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் சத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அதற்குரிய பொருள் வந்த வழியை மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். மகமை ஒருபுறம்; பிடியரிசி மற்றொரு புறம். நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது ஊரில் வீடுதோறும் திரட்டப்பட்டு, விற்கப்பட்டுப் பள்ளிக்குச் சேரும். பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்த நன்கொடையால் எழுந்த பள்ளிகள் பல உண்டு. அங்கு வாயிலில் அவர் பெயர் பொறித்திருக்கும். பிடியரிசி கொடுத்தவள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எழுத்தறியாத அந்தப் பெண்களின் கை அளவால் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைக் கற்றனர். குலத்தார் நடத்திய பள்ளியேயாயினும் பிற குலத்துப் பிள்ளைகளையும் அது சேர்த்துக்கொண்டது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள எண்ணியவர் அன்று எவரும் இலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிடியரிசி போட்டவளின் மகள் வீட்டில்தான் இருந்தாள்.

இந்தப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் பிறந்த காமராசர். திண்ணைப் பள்ளி, பிறகு ஏனாதி நாயனார் வித்தியாசாலை, பிறகு சத்திரிய வித்தியாசாலை என்பது அவர் கல்வி வரிசை. தந்தை குமாரசாமி ஆறு வயதில் மறைந்தார். தாய் சிவகாமியம்மையாரும் பாட்டி பார்வதியம்மையாரும் நகையை விற்ற பணத்தை வணிகர் ஒருவரிடம் வட்டிக்குக் கொடுத்து, அவ்வட்டியில் குடும்பம் நடத்தினர். மகனும், நாகம்மாள் என்னும் மகளும் வளர வேண்டும். பள்ளிச் சம்பளம் என்ற ஒன்று இல்லாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் பையன் அமர்ந்தான்.

பள்ளியில் நடந்ததாக ஒரு செய்தி சொல்லுவர். விநாயக சதுர்த்திக்கு மாணவர் எல்லாரும் சமமாகக் காசு கொடுத்தனர். பூசை முடிந்து சுண்டலும் பொரியும் வழங்கும்பொழுது முண்டியடித்தவர்களுக்கு நிறையவும், ஒதுங்கி நின்றவனுக்குச் சிறிதளவும் கிடைத்தது. வீட்டில் பாட்டி கேட்டதற்கு, எல்லாரும் ஒரே காசுதானே கொடுத்தோம், சமமாகக் கொடுப்பது வாத்தியார் கடமை, நான் ஏன் முண்ட வேண்டும் என்றானாம் சிறுவன். பெரியோர் வாழ்க்கையில் இத்தகைய கதைகள் பின்னாளில் சேர்வதுண்டு. இது மெய்யாகவே நடந்ததோ இல்லையோ, பந்தி விசாரிப்பவர்கள் மீது ஊரில் என்றும் உள்ள குறைதான் இது.

மூன்றாமவர் கதை சுருக்கமானது. கமுதிக்கு அருகே பசும்பொன்னில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பிறந்தவர் முத்துராமலிங்கத் தேவர். தாயைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். கல்லுப்பட்டியில் பாட்டி வளர்த்தார். அப்பாட்டியின் பெயரும் பார்வதியம்மாள்! விருதுபட்டியிலும் கல்லுப்பட்டியிலும், ஒருவரையொருவர் அறியாத இரு பார்வதிகள், பின்னாளில் அரசியலில் எதிரெதிராக நின்ற இரு பிள்ளைகளை ஆளாக்கினர். தேவர் கமுதியில் அமெரிக்க மிஷன் நடத்திய தொடக்கப் பள்ளியிலும், 1917 முதல் பசுமலை உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு மதுரை யூனியன் கிறித்தவப் பள்ளியிலும் பயின்றார். 1924-இல் கொள்ளைநோய் பரவியது. இறுதித் தேர்வு எழுத முடியவில்லை. மறு ஆண்டு எழுதியிருக்கலாம். குடும்பச் சொத்து வழக்கு அவரை ஊருக்கு இழுத்தது. வழக்கு முந்திக்கொண்டது, தேர்வு பின்தங்கியது. எங்கள் நாட்டில் இது புதுமையன்று. ஆயினும் பள்ளி கொடுத்த ஆங்கிலம் வீண்போகவில்லை. 1952-இலும் 1962-இலும் அவர் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும், 1957-இல் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலும் வென்றார். தமிழில் மேடையில் முழங்கியது போலவே ஆங்கிலத்திலும் தடையின்றிப் பேசினார். 1963-இல் தம் பிறந்தநாளிலேயே மறைந்தார்.

மூவரும் பள்ளியை விட்டு நின்றதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒருவர் பள்ளி கொடுக்க முடியாத ஒன்றைத் தேடிச் சென்றார். ஒருவரை நோயும் வழக்கும் தடுத்தன. ஒருவரை வறுமை வெளியே நிறுத்தியது. முதலிருவரைப் பற்றிப் பள்ளிகள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாமவரின் காரணம் அப்படிப்பட்டதன்று. அதனை நீக்க முடியும். நீக்கும் அதிகாரம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மூன்றாமவர் கைக்கே வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் அரிய திருப்பம்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். முந்திய ஆண்டு கொண்டுவரப்பட்ட அரைநாட் கல்வித் திட்டம், பிள்ளைகள் மீதி நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும் என்று அமைந்தது, கைவிடப்பட்டது. கல்வித் துறையின் இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு துணைநின்றார். ஊர்தோறும் தொடக்கப் பள்ளிகள் பெருகின. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பள்ளியில் உணவளிப்பது தமிழகத்திற்கு முற்றிலும் புதிதன்று. 1920-ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராய செட்டியார் காலத்திலேயே தொடங்கிப் பார்த்ததுதான். ஆனால் அது நகரத்தில் சில பள்ளிகளோடு நின்றது. கரிசற் காட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்குச் சோறு வந்தது 1956-க்குப் பிறகுதான்.

அத்திட்டம் தொடங்கிய முறையில் எனக்கு ஒரு பழைய சாயல் தெரிகிறது. அரசு தரும் தொகை ஒரு பங்கு; ஊரார் தரும் அரிசியும் பருப்பும் காயும் மற்றொரு பங்கு. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வகையினவே. ஊர் கூடிப் பள்ளிக்குப் பலகையும் கரும்பலகையும் கூரையும் கொடுக்கும். விருதுபட்டியின் பிடியரிசிக் கலயம் மாநிலம் முழுமைக்கும் விரிந்தாற்போல் இருக்கிறது. இதனை அவர் எங்கும் இவ்வாறு சொன்னதாக நான் கூறவில்லை. என் கருத்தாகவே கூறுகிறேன். 1960-இல் வறியவர் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதி வரை சம்பளம் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது எல்லாருக்கும் விரிந்தது. சத்திரிய வித்தியாசாலையில் ஆறாம் வகுப்போடு நின்றவர், தாம் எட்டாத படிகளைப் பிறர் ஏறுதற்கு இடையூறில்லாமல் செய்தார். பள்ளியும் வளர்ந்து மேல்நிலைப் பள்ளியாகி நிற்கிறது.

இங்கு நிறுத்திக்கொண்டால் செய்தி இனிதாக முடியும். ஆனால் நாற்பதாண்டுக் காலம் இந்தச் சீமையில் கற்பித்தவன் அப்படி முடித்தால் பொய்யாகும்.

எண்பதுகளில் நான் வகுப்பாசிரியனாகப் பணியேற்ற காலத்தில் சம்பளம் இல்லை. மதிய உணவு உண்டு. 1982 முதல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தும் இருந்தது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் வகுப்பு பாதியாகும். விடியுமுன் தீப்பெட்டி ஆபீசு வண்டி ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். குச்சி அடுக்கினால் கட்டைக் கணக்கில் கூலி. வேறு சிலர் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடும் பெற்றோரோடு சென்றுவிடுவர். தொடர்ந்து வாராதவன் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும் என்பது விதி. நான் அடித்தேன். அவர்கள் வீட்டிற்குச் சென்று கேட்டேனா என்றால், சிலர் வீட்டிற்குச் சென்றேன். பலர் வீட்டிற்குச் செல்லவில்லை. மாலைப் பேருந்து தவறினால் ஊர் திரும்ப முடியாது என்பது அன்று எனக்குத் தக்க காரணமாகத் தோன்றியது.

பல ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றேன். ஒரு சூன் மாதத்தில் நடுவயதுடைய ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். என்னை உற்றுப் பார்த்து, "ஐயா, நான் உங்ககிட்ட ஏழாவது படிச்சேன்" என்றார். எனக்கு நினைவில்லை. பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கொணரச் செய்து பார்த்தேன். பெயர் இருந்தது. நீங்கிய காரணம் என்னும் கட்டத்தில் 'தொடர்ந்து வாராமை' என்று என் கையெழுத்தே இருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். "தீபாவளி வரைக்கும் வந்தேன் ஐயா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பதிவேட்டில் ஒரு பிழையைத் திருத்துவதுபோல் சொன்னார்.

மகளின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். தந்தையின் கல்வித் தகுதி என்றொரு கட்டம் அதில் உண்டு. என்ன எழுதலாம் என்று கேட்டேன். "ஏழாவது, பாதி வரைக்கும்" என்றார். அப்படியே எழுதினேன்.